ஆற்றுக்குத் திரும்பும் சால்மன்: தேம்ஸ், டைன், எல்வா ஆறுகளில் தூண்டிலாளர் நிலை

ஆய்வுச்சுருக்கம்

மாசினாலும் அணைகளாலும் சால்மன் மீன் அற்றுப்போன ஆறுகள் சிலவற்றில், கடந்த ஐம்பது ஆண்டுகளில் அம்மீன் மீண்டும் ஏறத் தொடங்கியுள்ளது. இம்மீட்சியைச் சூழலியல் வெற்றியாக மட்டும் காண்பதே பெருவழக்கு. மீனின் வருகைக்காகக் காத்திருந்த தூண்டிலாளரின் நிலை அதனால் எவ்வாறு மாறியது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. இங்கிலாந்தின் தேம்ஸ், டைன் ஆறுகளையும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள எல்வா ஆற்றையும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அம்மாற்றத்தை விளக்குகிறது. மீன் திரும்பியதும் பழைய மீன்பிடிப்பும் திரும்பிவிடுவதில்லை என்பதும், மீனைக் கொள்பவராக இருந்த தூண்டிலாளர் தம் விலகலாலும் பொறுமையாலும் மீட்சிக்குத் துணைநிற்பவராக மாறவேண்டியுள்ளது என்பதும், அப்பொறுமையின் சுமை எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை என்பதும் இதில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சால்மன், தூண்டிலாளர், ஆற்று மீட்சி, குஞ்சுப் பொரிப்பகம், அணை அகற்றல், மீன்பிடி உரிமை.

முன்னுரை

ஆறு கெடுவதையும் ஆறு தேறுவதையும் முதலில் அறிபவருள் மீன்பிடிப்போர் அடங்குவர். நீரியல் அளவீடுகள் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆற்றின் நலத்தைக் காட்டும் குறியாக மீன்வரத்து கொள்ளப்பட்டது. வட அத்திலாந்திக், வட பசிபிக் கடல்களை ஒட்டிய நாடுகளில் அவ்வாறு கொள்ளப்பட்ட மீன்களுள் தலையாயது சால்மன். தமிழகச் சந்தைகளில் 'இந்திய சால்மன்' என்னும் பெயரில் விற்கப்படும் காலா மீன் இதனின் வேறான குடும்பத்தைச் சார்ந்தது. இக்கட்டுரை பேசும் சால்மன், குளிர்ந்த ஆறுகளில் பிறந்து, கடலில் வளர்ந்து, மீண்டும் ஆறேறி முட்டையிடும் இயல்புடையது.

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் தொழில் வளர்ச்சி இவ்வாறுகளை இரு வகையில் அடைத்தது. ஒன்று, கழிமுகத்தில் தேங்கிய கழிவுநீர். மற்றொன்று, ஆற்றின் குறுக்கே எழுந்த அணை. முன்னது கண்ணுக்குப் புலப்படாத சுவர். பின்னது கற்காரைச் சுவர். மூன்று ஆறுகளிலும் சுவர் வெவ்வேறு வகையில் நீங்கியது. ஆதலின் தூண்டிலாளரின் பட்டறிவும் மூன்றாக அமைந்தது.

1. சால்மனின் வாழ்க்கை வட்டமும் தூண்டிலாளரும்

பெண் சால்மன் ஆற்றின் மேற்பகுதியில், நீர் விரைந்தோடும் பரற்படுகையைத் தன் வாலால் கிளறிக் குழியாக்கி முட்டையிடுகிறது. கூழாங்கற்களின் இடுக்கில் ஓடும் நீரிலுள்ள உயிர்வளியே அம்முட்டைகளை உயிர்ப்பிக்கிறது. வண்டல் படிந்து இடுக்குகள் அடைபட்டால் முட்டைகள் மூச்சடைத்து அழிகின்றன. பொரித்த குஞ்சுகள் பல திங்களோ சில ஆண்டுகளோ ஆற்றில் வளர்ந்து, உப்புநீரைத் தாங்கும் வகையில் உடலியல் மாற்றம் பெற்றுக் கடலுக்குச் செல்கின்றன. கடலில் ஓராண்டோ பல ஆண்டுகளோ இரைதேடிப் பருத்தபின், பெரும்பாலானவை தாம் பிறந்த ஆற்றுக்கே மீள்கின்றன. பிறந்த ஆற்றின் நீர்மணத்தை இளமையில் பதிவுசெய்துகொண்டு, அம்மணத்தைக் கொண்டே அவை வழியறிகின்றன என்னும் கருதுகோளை ஹாஸ்லர், விஸ்பி ஆகியோர் 1951 இல் முன்வைத்தனர்.

இவ்வாழ்க்கை வட்டத்தின் மூன்று கூறுகள் தூண்டிலாளரோடு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, சிறுபகுதி மீன்கள் வழிமாறிப் பிற ஆறுகளில் ஏறுகின்றன. மீனற்ற ஆறு மனிதர் உதவியின்றியே குடியேற்றம் பெற இயல்வதற்கு இதுவே காரணம். இரண்டாவது, ஆறேறும் முதிர்ந்த சால்மன் இரை உண்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே பயணத்தை முடிக்கிறது. ஆயினும் தூண்டிலில் கட்டிய செயற்கை ஈயைச் சில வேளைகளில் கவ்வுகிறது. உண்ணாத மீனைக் கவ்வவைக்கும் இவ்வருமையே சால்மன் தூண்டிலை ஒரு தனிக்கலையாக வளர்த்தது. மூன்றாவது, ஆறேறும் வழியில் தூண்டிலில் அகப்படும் முதிர்மீன் பெரும்பாலும் அப்பருவத்தில் இன்னும் முட்டையிடாத மீன். ஆதலின் தொகை சுருங்கிய ஆற்றில் ஒரு மீனைக் கொள்வது, அடுத்த தலைமுறையின் முதலிலிருந்து எடுப்பதாகும்.

2. தேம்ஸ்: பரிசு பெற்ற மீனும் பொய்த்த எண்ணிக்கையும்

இலண்டனின் கழிவுகள் தேம்ஸில் கலந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சால்மன் அங்கு அற்றுப்போயிற்று. அதன் இறுதிப் பதிவாக 1833 ஆம் ஆண்டு பொதுவாகக் குறிக்கப்படுகிறது. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் எழுந்த நாற்றம் நாடாளுமன்றத்தையே அலைக்கழித்தபின், பொறியாளர் பேசல்ஜெட்டின் தலைமையில் பெருங்கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப்பட்டன. அவை கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுபோயினவேயன்றி ஆற்றைவிட்டு அகற்றவில்லை. 1957 இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், நகரைச் சார்ந்த கழிமுகப் பகுதி உயிரியல் நோக்கில் இறந்துவிட்டது என்னும் முடிவுக்கு வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1960களிலும் 1970களிலும் மேம்படுத்தப்பட்ட பின்னரே நீரில் உயிர்வளி மீண்டது. 1974 இல் வெஸ்ட் தரக் மின்நிலையத்தின் நீர் உறிஞ்சு வலைத்தட்டியில் ஒரு சால்மன் சிக்கியது. தேறிவந்த ஆற்றின் அறிகுறியாக அம்மீன் கொண்டாடப்பட்டது.

இதனைத் தொடர்ந்து 1979 முதல் குஞ்சுகளை ஆற்றில் விடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தேம்ஸிலும் அதன் துணையாறான கெனட்டிலும் உள்ள தடுப்பணைகளில் மீன் ஏறுவதற்கான வழிகள் படிப்படியாக அமைக்கப்பட்டன. தேம்ஸில் தூண்டிலால் முதல் சால்மனைப் பிடிப்பவருக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செர்ட்சி என்னுமிடத்தில் அப்பரிசுக்குரிய மீன் பிடிபட்டது. ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி முடிந்தது என்னும் செய்தி தூண்டிலாளரிடையே பெரும் எழுச்சியை உண்டாக்கியது. 1993 இல் திரும்பிய மீன்களின் பதிவு 338 ஆக உயர்ந்தது.

ஆயின் அவ்வெண்ணிக்கை நிலைக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் வரத்து சுருங்கியது. 2005 இல் ஒரு மீனும் பதிவாகவில்லை. 2011 இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அண்மையில் தேம்ஸில் ஏறிய சால்மன்கள் விடப்பட்ட குஞ்சுகளின் வழித்தோன்றல்கள் அல்ல என்றும், தென் இங்கிலாந்தின் பிற ஆறுகளிலிருந்து வழிமாறி வந்தவை என்றும் காட்டியது. அவ்வாண்டோடு குஞ்சுவிடுதல் நிறுத்தப்பட்டது.

தூண்டிலாளர் நோக்கில் இதன் பொருள் ஆழமானது. முதல் மீனைப் பரிசுப்பொருளாகக் கொண்ட பார்வை, மீட்சியின் அளவுகோலாகப் பிடிப்பையே நிறுத்தியது. கரைக்கு வந்த மீன் உண்மை; ஆயின் அது எந்த ஆற்றின் மீன் என்னும் வினா எழுப்பப்படவில்லை. நீர் தூய்மையாவதும் மீன் தென்படுவதும் ஒன்று. அம்மீன் அங்கேயே முட்டையிட்டுத் தலைமுறை காண்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைத் தேம்ஸ் உணர்த்தியது.

3. டைன்: மீண்ட ஆறும் விலகிய வலைஞரும்

தேம்ஸில் கைகூடாதது வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றில் கைகூடியது. வட டைன், தென் டைன் என்னும் இரு கிளைகள் ஹெக்சம் நகருக்கு அருகில் கூடி, நியூகாசில் வழியாக வட கடலில் கலக்கின்றன. மேற்பகுதி பெரும்பாலும் தூய்மையாகவே இருந்தது. தடை கழிமுகத்தில் இருந்தது. நிலக்கரி, கப்பல் கட்டும் தொழில், வேதிப்பொருள் ஆலைகள், சுத்திகரிக்கப்படாத நகரக் கழிவு ஆகியவை கோடையில் கழிமுகத்து உயிர்வளியை முற்றக் குறைத்தன. 1959 ஆம் ஆண்டில் டைன் ஆற்றில் தூண்டிலில் ஒரு சால்மனும் பிடிபட்டதாகப் பதிவில்லை.

கரையோரக் கழிவுக்குழாய்களை இடைமறித்து ஹௌடன் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 1980 ஆம் ஆண்டளவில் செயற்படத் தொடங்கியது. பழைய தொழில்கள் நலிந்ததும் மாசைக் குறைத்தது. அதே காலத்தில் வட டைனின் தலைப்பகுதியில் கீல்டர் அணை எழுந்து, 1982 இல் திறந்துவைக்கப்பட்டது. அவ்வணை முட்டையிடும் இடங்களை மூழ்கடித்தமையால், அதற்கு ஈடாகக் கீல்டரில் சால்மன் குஞ்சுப் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. ஆகவே ஓர் ஆறு ஒரே பத்தாண்டில் கழிமுகத்தில் திறக்கப்பட்டு, தலைப்பகுதியில் அடைக்கப்பட்டது.

மீன்வரத்து வளர்ந்தபோது, அதற்குக் காரணம் பொரிப்பகமா, தூய்மையான நீரா என்னும் வாதம் எழுந்தது. தொடக்க ஆண்டுகளில் குஞ்சுவிடுதல் துணைசெய்தது என்றும், நெடுங்கால மீட்சிக்குக் கழிமுகத்தின் தூய்மையும் இயற்கை இனப்பெருக்கமுமே முதன்மைக் காரணங்கள் என்றும் 2004 ஆம் ஆண்டு ஆய்வு முடிவுரைத்தது. புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சால்மன் தூண்டிலில் முன்னணி ஆறாக டைன் விளங்கியது. மீனற்ற காலத்தில் மதிப்பிழந்திருந்த கரையோர மீன்பிடி உரிமைகளும் விலைபெற்றன. இங்கிலாந்தில் ஆற்றின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் கரைநில உடைமையோடு சேர்ந்தது. ஆதலின் பொதுப்பணத்தால் தூய்மையான நீரின் பயனில் ஒரு பகுதி தனியுடைமையின் மதிப்பாக மாறியது. சங்க உறுப்பினராகவோ நாள்சீட்டு வாங்கியோ தூண்டிலிடும் எளியவர்க்கு ஆற்றின் மீட்சி வாய்ப்பையும் தந்தது, கட்டணத்தையும் கொணர்ந்தது.

மற்றொரு தரப்பாரின் இழப்பும் இங்குக் கருதத்தக்கது. வடகிழக்குக் கடலோரத்தில் மிதவை வலையால் சால்மன் பிடித்த வலைஞர்கள், டைனுக்கும் ஸ்காட்லாந்து ஆறுகளுக்கும் செல்லும் மீன்களைக் கடலிலேயே பிடித்தனர். எந்த ஆற்று மீன் எனப் பிரித்தறிய இயலாத அம்மீன்பிடிப்பைப் படிப்படியாக முடித்துவிடும் கொள்கை 1990களில் தொடங்கியது. 2003 இல் பெரும்பான்மை வலைஞர்கள் இழப்பீடு பெற்று உரிமங்களைக் கைவிட்டனர். அவ்விழப்பீட்டின் ஒரு பகுதியை அரசும், எஞ்சியதைத் தூண்டிலாளர் நலன் சார்ந்த தனியார் நிதியும் ஏற்றன. எஞ்சிய மிதவை வலைப் பிடிப்புக்கு 2019 இல் நடைமுறைக்கு வந்த விதிகள் முற்றுப்புள்ளி வைத்தன. தூண்டிலாளருக்குப் பொழுதுபோக்காக இருந்தது வலைஞருக்குப் பிழைப்பாக இருந்தது. ஒரே மீனின்மேல் இருந்த இரு உரிமைகளுள் பணத்தால் வாங்கத்தக்கதாக இருந்தது பிழைப்புரிமையே என்பது சிந்தனைக்குரியது.

எனினும் தூண்டிலாளரும் பழைய நிலையில் நிற்கவில்லை. 1999 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜூன் 16 க்கு முன் பிடிபடும் சால்மனைத் திரும்ப ஆற்றில் விடுதல் கட்டாயமாயிற்று. தொகை நலிந்த ஆறுகளில் ஆண்டு முழுவதும் அவ்விதி விரிந்தது; பிற ஆறுகளில் தன்விருப்பாக விடுவித்தல் வழக்கமாயிற்று. இன்று இவ்விரு நாடுகளிலும் தூண்டிலில் பிடிபடும் சால்மன்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மீண்டும் ஆற்றில் விடப்படுகின்றன. கொக்கியின் முட்களை நீக்குதல், மீனை நீரைவிட்டு எடுக்காமலே கொக்கியை அகற்றுதல், வெயிலில் நீர் சூடேறிய நாள்களில் தூண்டிலிடாதிருத்தல் ஆகியவை திறமையின் பகுதிகளாகவே கருதப்படுகின்றன. இத்தனைக்குப் பின்னும் கடலில் உயிர்பிழைக்கும் மீன்களின் விகிதம் குறைந்துள்ளது. 2023 ஆம் ஆண்டு இறுதியில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல், பிரித்தானியாவின் அத்திலாந்திக் சால்மன் தொகையை அழிவுறும் நிலையில் உள்ளதாக வகைப்படுத்தியது.

4. எல்வா: அணை நீங்கியபின் நீண்ட காத்திருப்பு

டைனில் கழிமுகம் திறந்ததும் தூண்டிலும் படிப்படியாகத் திரும்பியது. எல்வா ஆற்றின் கதை இதற்கு மாறானது. அங்கு ஆறு திறக்கப்பட்டபோது மீன்பிடிப்பு மூடப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைகளில் தோன்றும் எல்வா, பசிபிக் சால்மன் வகைகள் பலவற்றுக்கும் ஸ்டீல்ஹெட் எனப்படும் கடலோடி டிரவுட்டுக்கும் தாயகமாக இருந்தது. 1913 இல் முடிக்கப்பட்ட எல்வா அணை கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் ஆற்றை அடைத்தது. 1927 இல் மேலே 64 மீட்டர் உயரக் கிளைன்ஸ் கேன்யன் அணை எழுந்தது. அணையில் மீன்வழி அமைக்கவேண்டும் என மாநிலச் சட்டம் ஏற்கெனவே இருந்தும் அது அமைக்கப்படவில்லை. அதற்கு ஈடாகக் கட்டப்பட்ட பொரிப்பகமும் 1922 இல் கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மீன்களுக்கு எஞ்சியது கடலோரத்துச் சிறுபகுதியே.

இவ்விழப்பைச் சுமந்தவர்கள் ஆற்று முகத்தில் வாழும் கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர். 1855 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்து, மரபான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொண்டனர். 1974 இல் நீதிபதி போல்ட் வழங்கிய தீர்ப்பு, பிடிக்கத்தக்க மீனில் பாதி உடன்படிக்கைப் பழங்குடிகளுக்கு உரியது என அறுதியிட்டது. பொழுதுபோக்குத் தூண்டிலாளர் பலர் அத்தீர்ப்பைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயின் மீனே ஏற இயலாத ஆற்றில் பாதிப்பங்கு என்பது வெறும் சொல்லாகவே நின்றது.

1992 இல் அமெரிக்கக் காங்கிரசு எல்வா மீட்புச் சட்டத்தை இயற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அகற்றும் பணி 2014 இல் நிறைவுற்றது. நீர்த்தேக்கங்களில் ஒரு நூற்றாண்டாகப் படிந்திருந்த வண்டல் கடலை நோக்கி நகர்ந்து, ஆற்றைக் கலங்கலாக்கியது. கலங்கல் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழிக்கக்கூடும் என்பதால், எஞ்சிய மரபுத்தொகையைக் காக்கப் பழங்குடியினரின் புதிய பொரிப்பகம் புகலிடமாகக் கொள்ளப்பட்டது. அதே 2011 இல் பழங்குடியினர், மாநில மீன்வளத்துறை, தேசியப் பூங்கா ஆகிய மூன்று தரப்பும் இசைந்து ஆற்றில் மீன்பிடிப்பை நிறுத்தின. முதலில் ஐந்தாண்டுக்கு எனத் திட்டமிட்ட அத்தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது.

காத்தல், குடியேறல், உள்ளூர்த் தகவமைவு, தன்னிறைவான இயற்கைத் தொகை என மீட்சி நான்கு படிநிலைகளாக வகுக்கப்பட்டது. மீன்பிடிப்பைத் திறப்பது நாட்காட்டியைப் பொறுத்ததாக இல்லாமல் இப்படிநிலைகளைப் பொறுத்ததாக அமைந்தது. இந்நிலையில் 2012 இல் ஒரு வழக்கு எழுந்தது. பொரிப்பகக் குஞ்சுகள் காட்டு மீன்களின் தகவமைவைக் கெடுக்கும் என்று வாதிட்டவர்களுள் ஈத்தூண்டில் அமைப்பினரும் இருந்தனர். தேம்ஸில் குஞ்சுவிடுதலின் பயனை எதிர்நோக்கிய தூண்டிலாளர் சமூகத்தின் ஒரு பகுதி, இங்கு அதனைத் தடுக்க நீதிமன்றம் சென்றது. பழங்குடியினருக்கோ பொரிப்பகம் என்பது உடன்படிக்கை உரிமை வெறுமையாகாமல் காக்கும் காப்பு. இரு தரப்பும் மீனின் நலத்தையே முன்வைத்தன. ஆயின் எத்தனை தலைமுறை காத்திருக்கலாம் என்பதில் வேறுபட்டன.

இயற்கை எதிர்பாராத விடையொன்றையும் தந்தது. அணைகளுக்கு மேல் அடைபட்டு ஆற்றிலேயே வாழ்ந்த வானவில் டிரவுட்டுகள் கடலுக்குச் செல்லும் மரபுத்திறனை இழந்திருக்கவில்லை. அணைகள் நீங்கியபின் கோடைகால ஸ்டீல்ஹெட்டின் வரத்து எழுந்ததில் அவற்றின் மரபுக்கூறு பங்குகொண்டது. ஸ்டீல்ஹெட் தூண்டிலாளரின் பெருவிருப்புக்குரிய மீன். ஆயினும் அம்மீனை எண்ணியவர்கள் மூச்சுக்குழல் அணிந்து நீந்திய ஆய்வாளர்களே. ஆறேறும் மீன்களை ஒலியலைக் கருவிகளும் எண்ணின. தூண்டில் இல்லாத ஆற்றில் பிடிப்புப் பதிவும் இல்லை. ஆதலின் எண்ணும் பணி அறிவியலாரிடம் முழுமையாகச் சென்றது.

2023 அக்டோபரில் பழங்குடியினர் சடங்குக்கும் வாழ்வாதாரத்துக்குமாகக் கோஹோ சால்மனைச் சிறிய அளவில் பிடித்தனர். அணைகள் அகன்றபின் எல்வாவில் திறக்கப்பட்ட முதல் மீன்பிடிப்பு இது. பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு அவ்வாண்டில் ஆறு திறக்கப்படவில்லை. நூறாண்டு முதலிழப்பைச் சுமந்தவரே முதல் மீனைப் பெறவேண்டும் என்னும் வரிசைமுறை இதில் வெளிப்பட்டது.

5. ஒப்பீடு

மூன்று ஆறுகளையும் இணைத்து நோக்கும்போது மூன்று கூறுகள் புலனாகின்றன.

முதலாவது, அளவுகோல் பற்றியது. தேம்ஸில் பிடிபட்ட மீனே மீட்சியின் சான்றாகக் கொள்ளப்பட்டது. டைனில் தூண்டில் பதிவுகள் மீன்தொகையை மதிப்பிடும் தரவுகளுள் ஒன்றாயின. தூண்டிலாளர் அறிவியலின் துணைவரானார். எல்வாவில் படிநிலைகள் அளவுகோலாயின. பிடிப்பு என்பது மீட்சியின் முடிவில் வருவதாக நகர்த்தப்பட்டது.

இரண்டாவது, குஞ்சுவிடுதல் பற்றியது. மீன் அற்ற ஆற்றில் குஞ்சுவிடுதல் தூண்டிலாளரின் ஆவலுக்கு விரைந்த மறுமொழி. ஆயின் தேம்ஸில் அது தலைமுறையாக நிலைக்கவில்லை. டைனில் துணைக்காரணமாக நின்றது. எல்வாவில் காப்பாகவும் இடையூறாகவும் ஒருங்கே காணப்பட்டது. தடையை நீக்குவதே முதன்மையானது என்பதில் மூன்றும் ஒத்துள்ளன.

மூன்றாவது, சுமையின் பங்கீடு பற்றியது. ஆறேறும் மீன் குறைவாக இருக்கும்வரை யாரேனும் ஒருவர் விலகி நின்றாக வேண்டும். டைனில் வலைஞர் இழப்பீட்டோடு முற்றாக விலகினர். தூண்டிலாளர் மீனைக் கொள்ளும் உரிமையை விட்டு, மீனோடு பொருதும் வாய்ப்பை வைத்துக்கொண்டனர். எல்வாவில் இரு தரப்பும் விலகினர். ஆயின் பழங்குடியினர் விலகியது உடன்படிக்கையால் உறுதிசெய்யப்பட்ட உரிமையிலிருந்து. தூண்டிலாளர் விலகியது அரசு அளித்த அனுமதியிலிருந்து. இவ்வேறுபாட்டைக் கருதாது 'அனைவரும் சமமாகக் காத்திருந்தனர்' என்று உரைப்பது பொருந்தாது.

முடிவுரை

சால்மன் ஆற்றுக்குத் திரும்புவது தூண்டிலாளருக்கு மகிழ்ச்சி தரும் நிகழ்வே. எனினும் திரும்பும் மீன் பழைய உரிமைகளைத் தன்னோடு கொணர்வதில்லை. கழிமுகம் தூய்மையாகியும் தலைமுறை வேரூன்றாமல் போகலாம் என்பதைத் தேம்ஸும், வேரூன்றியபின்னும் கொள்ளும் கை சுருங்கவேண்டியுள்ளது என்பதை டைனும், முதல் மீன் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு வரலாறே விடைதரவேண்டும் என்பதை எல்வாவும் காட்டுகின்றன.

ஆற்று மீட்சித் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுகள் எத்தனை மீன் வந்தது என்பதோடு நிறைவடைதல் போதாது. வந்த மீன் அவ்வாற்றிலேயே பெருகுகிறதா, அது பெருகுவதற்காக விலகி நின்றவர் யார், பெருகியபின் முதலில் பெறுபவர் யார் என்னும் வினாக்களும் எழுப்பப்படுதல் வேண்டும். தூண்டிலை வீசுவதைப்போலவே வீசாதிருப்பதும் ஆற்றோடு கொள்ளும் உறவு என்பதை இவ்வாறுகளின் தூண்டிலாளர் கற்றுவருகின்றனர். அக்கல்வியின் கட்டணத்தை எல்லாரும் ஒரே அளவில் செலுத்தவில்லை என்பதை மறவாதிருத்தல் ஆய்வாளர் கடன்.